சிகாகோ ரிவர்வாக்: மட்டத்தில் வென்று, அகலத்தில் திணறும் ஓர் ஆற்றங்கரை

சிகாகோ நகரின் மையத்தில், ஆற்றின் தென்கரையை ஒட்டி, லேக் வீதியில் தொடங்கி ஏரி வரை ஏறத்தாழ ஒன்றேகால் மைல் நீளும் ரிவர்வாக் நடைபாதையில் ஒரே வாரத்தில் மூன்று முறை நடந்தேன். முதல் முறை விடிந்து சற்று நேரத்தில், தனியாக. இரண்டாம் முறை சனிக்கிழமை மாலைக் கூட்டத்துக்கு நடுவே. மூன்றாம் முறை அம்மாவைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தள்ளிக்கொண்டு. மூன்று நடைகளிலும் அந்த இடம் மூன்று விதமாகத் தெரிந்தது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு நகரம் தான் கைவிட்ட ஆற்றை மீண்டும் தன்னோடு சேர்த்துக்கொள்ள எடுத்த முயற்சிகளில் இது மனம் நிறைந்து பாராட்டத்தக்கது. மக்களைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கியது அதன் பெருமை. இறங்கியவர்களுக்குப் போதிய அகலம் கொடுக்க முடியாமல் போனது அதன் குறை.

மட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்பது விளங்க, அந்தக் கரையின் பழைய கதை சிறிது தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரின் சாக்கடையும் தொழிற்கூடங்களின் கழிவும் இந்த ஆற்றில் விழுந்தன. ஆறோ, ஊருக்குக் குடிநீர் தரும் மிச்சிகன் ஏரியில் போய் விழுந்தது. இதற்குத் தீர்வாக ஒரு கால்வாயை வெட்டி, 1900-ஆம் ஆண்டில் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள். அன்று முதல் அது ஏரியை விட்டு விலகி, மிசிசிப்பி நதியை நோக்கி நகர்கிறது. தென்கரையில் காய்கனி மொத்த வியாபாரம் நடந்த சவுத் வாட்டர் வீதிச் சந்தை ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. டேனியல் பர்னமும் எட்வர்ட் பென்னட்டும் 1909-இல் வகுத்த நகரத் திட்டத்தின் வழியே அந்தச் சந்தை அகற்றப்பட்டு, 1926-இல் வாக்கர் டிரைவ் என்னும் இரண்டடுக்குச் சாலை திறக்கப்பட்டது. மேலடுக்கு இன்றும் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் ஓரத்தில் நடப்பவருக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு மாடிக்கு மேற்பட்ட உயரம் நின்றுவிட்டது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றை எட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் அதோடு ஒருவருக்கு எந்த உறவும் இல்லை.

அந்த உயரத்தை இறக்கி வைத்த வேலைதான் ரிவர்வாக். மிச்சிகன் அவென்யூவிலிருந்து ஸ்டேட் வீதி வரையிலான பகுதி 2009-இல் முடிந்தது. ஸ்டேட் வீதியிலிருந்து லசால் வீதி வரை 2015-இலும், அங்கிருந்து லேக் வீதி வரை 2016-இலும் திறக்கப்பட்டன. பிந்தைய இரண்டு கட்டங்களை ராஸ் பார்னி ஆர்க்கிடெக்ட்ஸ், சசாகி ஆகிய நிறுவனங்கள் பிற வல்லுநர்களுடன் சேர்ந்து வடிவமைத்தன. அவர்களுக்குக் கையில் நிலமே இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் செய்த வேலையின் அருமை புரிகிறது. ஒரு பக்கம் சாலையின் சுவர். மறுபக்கம் கப்பல்களும் படகுகளும் போய்வரும் நீர்வழி. அதனால் கூட்டாட்சி அளவில் அனுமதி பெற்று, ஆற்றுக்குள் 25 அடி மட்டும் தள்ளிக் கட்டினார்கள். இன்று நாம் நடக்கும் தரையில் பெரும்பகுதி ஒரு காலத்தில் தண்ணீராக இருந்த இடம்.

பாலங்களைக் கடந்த விதம் என்னை எல்லாவற்றையும் விட அதிகமாகக் கவர்ந்தது. இங்குள்ளவை தூக்குப் பாலங்கள். பாலம் மேலெழும்பும்போது அதன் எதிரெடை கரையில் கட்டிய பெரிய குழிக்குள் இறங்கும். அந்தக் கட்டுமானம் முன்பு பாலத்துக்குப் பாலம் கரையை மறித்து நின்றது. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகப் படியேறிச் சாலையைக் கடந்து மறுபடியும் இறங்க வேண்டும். இப்போது பாதை அந்தச் சுவரைச் சுற்றி, தண்ணீருக்கு மேலாகவே வளைந்து, பாலத்தின் அடியில் புகுந்து மறுபுறம் வெளிப்படுகிறது. பாலத்தின் தளம் இரும்புக் கம்பி வலை என்பதால் மேலிருந்து அழுக்கும் நீரும் சொட்டும். அதைத் தடுக்க, நடப்பவர் தலைக்கு மேல் பளபளப்பான உலோகத் தகடுகளால் விதானம் அமைத்திருக்கிறார்கள். காலையில் ஒரு சிறு படகு கடந்து போனதும் அந்தத் தகடுகளில் ஒளி நெளிநெளியாக ஓடியது. மேலே வண்டிகளின் சக்கரம் கம்பி வலையில் உராயும் ரீங்காரம், கீழே தூணில் தண்ணீர் மோதும் சத்தம். இரண்டுக்கும் நடுவில் நான் வெகு நேரம் நின்றேன். ஒரு பாலத்தின் அடியை, ஒதுங்கத் தோன்றாமல் நிற்கத் தோன்றும் இடமாக்கியவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஸ்டேட் வீதியிலிருந்து லேக் வீதி வரை, பாலத்துக்கும் பாலத்துக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் தனி வடிவம் கொடுத்திருக்கிறார்கள். முதலில் வரும் மரீனா பிளாசா உணவகங்களும் படகு கட்டும் இடமும் உள்ள பகுதி; உட்கார்ந்து சாப்பிட விரும்புவோருக்கு நல்லது, அதைத் தாண்டிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. அடுத்து வரும் 'கோவ்' என்னும் பகுதி துடுப்புப் படகுக்காரர்களுக்கு உரியது. அதற்கும் அடுத்து, கிளார்க் வீதிக்கும் லசால் வீதிக்கும் இடையில் அமைந்த ரிவர் தியேட்டர்தான் ரிவர்வாக்கின் உயிர்நிலை.

அதைத் தியேட்டர் என்று அழைத்தாலும், அதை ஒரு படித்துறை என்றால் நம்மில் யாருக்கும் உடனே விளங்கிவிடும். மேலே வாக்கர் சாலையிலிருந்து தண்ணீர் விளிம்பு வரை அகன்ற படிகள் இறங்குகின்றன. படிகளுக்கு இடையிடையே மரங்கள் நிற்கின்றன. அந்தப் படிகளை ஊடறுத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சாய்வுப் பாதை இறங்குகிறது. சக்கர நாற்காலிக்கான வழி பெரும்பாலான இடங்களில் கட்டடத்தின் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், போனால் போகிறதென்று ஒட்டவைத்ததாக இருக்கும். இங்கே அது படிக்கட்டின் நடுவிலேயே ஓடுகிறது. அம்மாவைத் தள்ளிக்கொண்டு நான் இறங்கியபோது, படிகளில் அமர்ந்திருந்தவர்கள் எங்கள் இரு புறமும் இருந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆறு ஒரு முறை இடப்பக்கமும் ஒரு முறை வலப்பக்கமுமாக மாறி மாறித் தெரிந்தது. பாதி வழியில் அம்மா நாற்காலியை நிறுத்தச் சொல்லி, மர நிழலில் சில நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் வரும் வழியில் தானும் வந்ததாக அவர் பிறகு சொன்னார். வடிவமைப்பாளர்களுக்கு இதைவிட நல்ல சான்றிதழை என்னால் எழுத முடியாது.

இதே இடத்துக்கு ஒரு துயர நினைவும் உண்டு. 1915 ஜூலை 24 அன்று, கிளார்க் வீதிக்கும் லசால் வீதிக்கும் இடையே, கரையில் கட்டியிருந்த நிலையிலேயே ஈஸ்ட்லேண்ட் என்னும் பயணிகள் கப்பல் கவிழ்ந்து 844 பேர் இறந்தார்கள். உல்லாசப் பயணத்துக்குக் குடும்பத்தோடு புறப்பட்ட தொழிலாளர்கள் அவர்கள். அந்த நீரின் எதிரில் இன்று குழந்தைகள் படியேறி இறங்கி விளையாடுவதைத் தவறென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அங்கே அமர்பவர்கள் இதை அறிந்து அமர வேண்டும் என்று விரும்புகிறேன்.

லசால் வீதியைத் தாண்டிய வாட்டர் பிளாசாவில் தரையிலிருந்து பீறிடும் நீரூற்றுகள் சிறுவர்களுக்குக் கொண்டாட்டம். அதற்கு அடுத்து, 'ஜெட்டி' (படகுத்துறை) என்று பெயரிட்ட பகுதியில் பொறுமையாக நின்று பார்க்க நிறைய இருக்கிறது. ஆற்றுக்குள் நீளும் சிறு துறைகளும், அவற்றின் இடையே மிதக்கும் தோட்டங்களும் இங்கே உள்ளன. எஃகுச் சுவரால் கட்டிய கரையில் மீன்குஞ்சு ஒதுங்க ஓர் இடுக்கு கூட இருக்காது. இந்தத் தோட்டங்களின் வேர்கள் தண்ணீருக்குள் தொங்கி அந்த ஒதுங்கிடத்தைத் தருகின்றன. துறையின் முனையில் குனிந்து பார்த்தபோது, பாசி படிந்த வேர்க்கொத்து ஒன்றின் அடியில் விரல் நீள மீன்கள் கூட்டமாக ஒரே திசையில் தலை வைத்து நின்றன. உதிர்ந்த ஓர் இலை ஏரியை விட்டு விலகி, மேற்கு நோக்கி மிக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

இனிக் குறைக்கு வருகிறேன். 25 அடி என்பது காகிதத்தில் போதுமானதாகத் தெரியலாம். ஆனால் அந்த அகலத்துக்குள்ளேயே நடப்பவர், நிற்பவர், படகுக்கு வரிசையில் காத்திருப்பவர், மேசை போட்டுச் சாப்பிடுபவர் அனைவரும் அடங்க வேண்டும். சனிக்கிழமை மாலையில் நான் பாதி தூரத்தை முன்னால் செல்பவரின் முதுகைப் பார்த்தபடியே நகர்ந்தேன். ஓர் உணவகத்தின் நாற்காலிகள் நடைவழிக்குள் நீண்டிருந்ததால் எதிரெதிரே வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நெளிந்து போக வேண்டியிருந்தது. அம்மாவின் நாற்காலியோடு அன்று வந்திருந்தால் திரும்பித்தான் போயிருப்பேன். இதற்குக் காரணமும் இருக்கிறது. 2015, 2016 கட்டங்களுக்கு நகரம் கூட்டாட்சி அரசிடமிருந்து ஏறத்தாழ 9.9 கோடி டாலர் கடன் பெற்றது. அங்கே நடக்கும் வணிகமும் படகுச் சுற்றுலாவும் தரும் வருவாய் அந்தக் கடனை அடைக்க உதவ வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஆற்றை எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்கும் பாதையில், காசு கொடுத்து உட்காரும் இடங்களே நல்ல நிழலையும் நல்ல விளிம்பையும் எடுத்துக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. ரிவர் தியேட்டரின் படிகளைப் போல, ஒன்றும் வாங்காமல் மணிக்கணக்கில் இருக்கத்தக்க இடங்கள் இன்னும் இரண்டு மூன்றாவது வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கரையை எவ்வளவு அழகாக்கினாலும் ஆறு நாறினால் யாரும் அருகில் போகமாட்டார்கள். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய அமைப்பு நிரம்பி ஆற்றில் கொட்டுவதைத் தடுக்க, 1975 முதல் பூமிக்கடியில் 109 மைல் நீளச் சுரங்கங்களைத் தோண்டினார்கள். 2006-இல் அவை முடிந்தன. அவற்றோடு சேர்ந்த பெரும் நீர்த்தேக்கங்களின் வேலை இன்னும் தொடர்கிறது. 2016-இல் ஓப்ரையன் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரைப் புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கத் தொடங்கினார்கள். 1970-களில் பத்து வகை மீன்கள் அளவில் இருந்த இப்பகுதி நீர்வழிகளில் இன்று எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் காணப்படுகின்றன. 1927-க்குப் பிறகு முதன்முறையாக, 2025 செப்டம்பரில் நகர மையத்து ஆற்றில் நீச்சல் நிகழ்ச்சி நடந்தது. நான் நடந்த மூன்று நாளும் நாற்றம் என்று எதுவும் மூக்கில் படவில்லை.

இருந்தும் சாதாரண நாளில் வருபவரின் கால் இந்த நீரில் நனைவதில்லை. சியோல் நகரில் 2005-இல் திறந்த சோங்கேசோன் ஓடையில் மக்கள் நடைக்கற்களில் கால் வைத்துக் கடக்கிறார்கள், விளிம்பில் அமர்ந்து பாதங்களை நனைக்கிறார்கள். ஆனால் அங்கே ஓடும் நீரில் பெரும்பகுதி இறைத்துக் கொண்டுவந்தது. சிகாகோவில் இருப்பது படகுகள் ஓடும் உண்மையான ஆறு, ஆழமும் 20 அடி அளவில். பல இடங்களில் விளிம்பில் கம்பி வேலி இல்லை. அந்தத் திறந்த விளிம்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதே சமயம் சிறு குழந்தையோடு வருபவர் கையை விடாமல் நடக்க வேண்டும். வேலி போட்டால் பழைய கைப்பிடிச் சுவர் வேறு வடிவில் திரும்பி வந்துவிடும் என்பதால், வேலி வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். உயிர்காப்பு வளையங்களும் தண்ணீரிலிருந்து ஏறி வரும் ஏணிகளும் இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்பேன்.

தண்ணீரின் அருகே இறங்கியதற்கு ஒரு விலையும் உண்டு: ஆறு உயரும்போது பாதை மூழ்கும். 2020 மே மாதப் பெருமழையில் அப்படியே நடந்தது. கீழ் வாக்கர் சாலையிலும் நீர் புகுந்தது. நனைந்து காய்ந்து மீண்டும் பயன்படும்படிக் கல்லாலும் கான்கிரீட்டாலும் கட்டியிருப்பதால் தரை தாங்கிக்கொள்கிறது. இருந்தாலும் கனமழைக்கு மறுநாள் செல்ல நினைப்பவர்கள் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

தென்கரை என்பதால் உயர்ந்த கட்டடங்களின் நிழல் பெரும்பாலான நேரம் பாதையின் மேல்தான் விழுகிறது. கோடையில் அது வரம். குளிர்காலத்தில் எதிர்க்கரையில் வெயில் காயும்போது இங்கே உறைந்து நடக்க வேண்டியிருக்கும், கடைகளிலும் பல மூடியிருக்கும். கோடையில் செல்பவர்களுக்கு நான் சொல்வது, வார நாளில் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அப்போது சூரியன் ஏரிப் பக்கத்திலிருந்து ஆற்றின் நெடுக்கே ஒளி வீசும், மேசைகள் விரிந்திருக்காது. பல நுழைவாயில்களில் படிக்கட்டு மட்டுமே இருப்பதால், முதியவரையோ சக்கர நாற்காலியையோ அழைத்துச் செல்பவர்கள் கிளார்க் வீதிக்கும் லசால் வீதிக்கும் இடையிலான சாய்வுப் பாதை வழியே இறங்கி, மேற்கு நோக்கி நடந்து, லேக் வீதி அருகே புல்வெளி உள்ள கடைசிப் பகுதியில் மேலேறலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். ஆற்றின் கிளைகள் கூடும் அந்த முனையில், அம்மா நாற்காலியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். அடுத்த படகு வந்து போகும் வரை அங்கேயே இருந்தோம்.