எஃப்டின்னு சொல்லி 6 லட்சத்த முடக்கிட்டாங்க, கொழிஞ்சாம்பாறை சுத்துவட்டாரத்துல இருக்கறவங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்துதான் தெரிஞ்சுது, இன்னும் ஆத்திரம் அடங்கல. 6 லட்சம்ங்க. தென்னந்தோப்புல அப்பாவோட பங்க வித்த காசு. பொள்ளாச்சில வீடு பாத்து வெச்சிருக்கோம், பேங்க்ல முழுசா லோன் தர மாட்டாங்க, கைக்காசு போடணும், பத்திரச் செலவு வேற தனி, அதுவரைக்கும் ரிஸ்க் இல்லாம ஒரு எடத்துல கெடக்கட்டும்னுதான் எஃப்டி போடப் போனோம்.

பேர் சொல்ல வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார். நகைக்கடன் குடுக்கற ப்ரைவேட் ஃபைனான்ஸ், நம்ம கேரளா-தமிழ்நாடு பார்டர் ஊர்கள்ல தெருவுக்கு ஒண்ணு இருக்கே, அந்த ரகம். அங்க நகை வெச்சு திருப்பின பழக்கம். மேனேஜர் அம்மாவ ஃபேனுக்கு கீழ உக்கார வெச்சு, டீ வரவழைச்சு, "பேங்க்ல 7 பர்சென்ட், இங்க 11, அதே எஃப்டி தான்மா, ஒரு வருஷம் முடிஞ்சா எப்ப வேணும்னாலும் எடுக்கலாம், பேடிக்கண்டா"ன்னு (பயப்பட வேணாம்னு மலையாளத்துல) அவ்ளோ பாசமா சொன்னாரு. செவுத்துல ஃப்ரேம் போட்ட ஆர்பிஐ சர்ட்டிபிகேட்ட வேற கை காட்டினாரு. சர்ட்டிபிகேட் உண்மைதான், ஆனா அது கடன் குடுக்கறதுக்கு, ஜனங்ககிட்ட டெபாசிட் வாங்கறதுக்கு இல்ல! அத அந்த மனுசன் சொல்லவே இல்ல.

மாசாமாசம் வட்டி கரெக்டா வந்துச்சு. பொள்ளாச்சி வீட்ட விக்கறவர் அட்வான்ஸ் கேட்டதும் பணத்த எடுக்கப் போனா, மொதல்ல மேனேஜர் லீவு, அப்புறம் ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வரணும், அப்புறம் ஓணம் கழியட்டும், அதுக்கப்புறம் டீ குடுத்த அதே மனுசன் "பேப்பர்ல கையெழுத்து போட்டது நீங்கதானே"ங்கறாரு. அம்மா அங்கயே அழுதுட்டாங்க. பேங்க்ல வேல பாக்கற பக்கத்து வீட்டு அண்ணன்தான் ரசீத படிச்சு சொன்னாரு, பொடி எழுத்துல சபார்டினேட்டட் டெட்னு இருக்கு, காலம் 5 வருஷத்துக்கும் மேல, நடுவுல எடுக்க முடியாது, கம்பெனி மூழ்கினா மத்த கடன்காரங்களுக்கு குடுத்து மிஞ்சினாத்தான் நமக்காம். 6 லட்சத்துக்கு இதுவா எஃப்டி?

எங்க போடலாம்னு விரிவா எழுதத்தான் நெனச்சேன், இப்ப அதுக்கு மனசு இல்ல. பேங்க் எஃப்டின்னா ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல வட்டியோட சேத்து 5 லட்சம் வரைக்கும் டிஐசிஜிசி (ஆர்பிஐயோட டெபாசிட் காப்பீட்டு நிறுவனம்) காப்பீடு உண்டு, அதனால 6 லட்சத்த ரெண்டு பேங்க்ல பிரிச்சு போடுங்க. ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அந்த காப்பீடு கெடையாது. பேர்ல பேங்க்னு இருந்தாலும் ஊர் தொடக்கக் கூட்டுறவு சங்கத்துக்கும் கெடையாது, திருச்சூர் பக்கம் கருவன்னூர் கூட்டுறவு பேங்க்ல போட்ட பணத்த எடுக்க முடியாம ஜனங்க பட்ட பாடு தெரியும்ல. ஒரு வருஷத்துல வேணும்னா போஸ்ட் ஆபீஸ் டைம் டெபாசிட் இருக்கு, மத்திய அரசு பொறுப்பு. ரசீதுல டிபெஞ்சர், பாண்ட், சபார்டினேட்டட்னு (எல்லாமே கம்பெனிக்கு நாம குடுக்கற கடன்தான், எஃப்டி இல்ல) ஏதாவது இருந்தா எந்திரிச்சு வந்துடுங்க, டீய குடிக்காட்டியும் பரவால்ல. இந்த மாதிரி டெபாசிட் மோசடிக்குன்னு இருக்கற ஆர்பிஐயோட சசேத் போர்ட்டல்ல புகார் போட்டாச்சு, போலீஸுக்கும் எழுதிட்டு இருக்கோம். இதே மாதிரி ரசீது கையில வெச்சிருக்கறவங்க இருந்தா உள்பெட்டில வாங்க, சேந்து குடுக்கலாம்.