பயறு விதைக்கு வடசேரியில் நான் நம்பும் கடை

நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இந்தச் சிறிய விதைக் கடையைப் பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும். காய்கறி விதை, பூ விதை எல்லாம் அங்கே உண்டு, அவற்றை நான் வாங்கியதில்லை. உளுந்து, சிறுபயறு, காணம் (கொள்ளு), பெரும்பயறு (தட்டைப்பயறு) ஆகிய நான்குக்கும் இப்போது வேறு கடைக்குப் போவதில்லை.

உள்ளே நுழைந்ததும் விலையைக் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி பதில் சொல்வதற்கு முன், "டீச்சர், எப்போது விதைக்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பயறு விதையை வாங்கி வீட்டில் போட்டுவைக்கக் கூடாது என்று தெரிந்தவர்தான் அப்படிக் கேட்பார்.

விதையைத் திறந்த சாக்கில் குவித்து வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. இறுக்கமான மூடி போட்ட பீப்பாய்கள், சுவரைத் தொடாமல் மரப்பலகை மேல் நிற்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் இது பெரிய விஷயம். காய்ந்த பயறு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சான்று விதையின், அதாவது சோதித்துச் சான்றளிக்கப்பட்ட விதையின், ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, காற்றுப்புகாப் பையில் அடைப்பதாக இருந்தால் 8 சதவீதம். ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன பழைய கணக்கு.

உயிரியல் ஆசிரியையாக இருந்தவள் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். உளுந்தின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம். அதில் பெரும்பகுதி, முளைக்கும் செடி தின்பதற்காகப் பருப்பில் சேர்த்து வைக்கப்பட்ட குளோபுலின் என்ற புரத வகை. விதை பழசானாலும் புரதத்தின் அளவு பெரிதாகக் குறைவதில்லை, அதன் நிலைதான் கெடுகிறது. ஆக்சிஜனின் தாக்குதலால் புரதத்தில் கார்போனைல் தொகுதிகள் (சேதத்தைக் காட்டும் வேதி அடையாளங்கள்) உண்டாகின்றன. சர்க்கரை மூலக்கூறுகள் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. கரைதிறன் குறைகிறது. சேமிப்பை வெட்டி அமினோ அமிலமாக்கி முளைக்கு ஊட்ட வேண்டிய நொதிகளும் புரதங்களே என்பதால் அவையும் அடிபடுகின்றன. சிதைந்த புரதத்தைச் சரிசெய்யும் நொதி ஒன்றும் விதைக்குள் உண்டு, ஆனால் சேதம் மிஞ்சிவிட்டால் அதனால் ஈடுகட்ட முடியாது. செல் சவ்வுகளும் பழுதாவதால், ஊறும்போது உள்ளிருக்கும் உப்பும் சர்க்கரையும் தண்ணீருக்குள் கசிந்துவிடும். ஊறிய நீரின் மின்கடத்துதிறனை அளந்து விதையின் வீரியத்தை, அதாவது வயலில் வலுவாக முளைத்தெழும் திறனை, கணிப்பது இதனால்தான்.

முதலில் போவது வீரியம், முளைப்புத்திறன் அதற்குப் பிறகுதான் விழும். ஈரத்துணியில் அழகாக முளைத்த விதை வயலில் திணறுவது இதனால்தான். வேறொரு கடையில் வாங்கிய உளுந்து எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தது, வயலில் திட்டுத்திட்டாகத்தான் வந்தது. பளபளப்பை வைத்து வயதைச் சொல்ல முடியாது.

இந்தக் கடையில் மேசை மேலேயே மணல் தட்டில் முளைப்புச் சோதனை நடக்கிறது, யாரும் எட்டிப் பார்க்கலாம். உளுந்துக்கும் சிறுபயறுக்கும் சட்டப்படி வேண்டியது குறைந்தது 75 சதவீத முளைப்பு. அதை ஒட்டி நிற்கும் குவியலை அண்ணாச்சி விதையாக விற்பதில்லை. மருந்து கலக்காததாக இருந்தால் பருப்புக்கு அனுப்பிவிடுகிறார். வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்த பயறு வேகவும் அடம்பிடிக்கும். கஞ்சிக்குப் பயறு வைக்கிற வீட்டில் அது எவ்வளவு எரிச்சல் என்று சொல்லத் தேவையில்லை.

முளைக்காத காணம் சிலவற்றைக் காட்டி, "இவை செத்தவை இல்லை, தோல் கடினம், தண்ணீர் உள்ளே போகவில்லை" என்று அவர் விளக்கியதும் சரியான பேச்சு. அப்படிப்பட்ட கடின விதைகளை முளைப்புக் கணக்கில் சேர்ப்பதே முறை.

குறையும் உண்டு. அரைக் கிலோப் பொட்டலத்தில் கட்டிய தேதியை மட்டும் எழுதுகிறார்கள். வாங்குபவருக்கு வேண்டியது பரிசோதனைத் தேதி, ஏனென்றால் சான்று அட்டை செல்லுபடியாகும் 9 மாதக் காலம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கேட்டால் மூட்டையின் நீலச் சான்று அட்டையைக் காட்டுகிறார், ஆனால் கேட்காதவருக்கும் அது தெரிய வேண்டும். பெரும்பயறுப் பொட்டலம் ஒன்றில் வண்டு துளைத்திருந்தது, மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார். மளிகைக்கடைப் பயறோடு ஒப்பிட்டால் விலை அதிகம்தான், எனக்கு அதில் வருத்தமில்லை.

கும்பப்பூ நெல்லை (இரண்டாம் போகம்) அறுத்த கையோடு உளுந்து போடுகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வம்பன் 8 என்ற உளுந்து ரகம் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. ரசீதில் பரிசோதனைத் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்காமல் எழுதித் தருகிறார்.