பத்து ரூபாய் டிக்கெட் தீர்ந்துபோன ஹால்ட்

"கோயம்புத்தூர் டிக்கெட் கட்டு தீர்ந்துபோச்சுங்க. பாலக்காடு வேணும்னா தர்றேன்."

சின்ன ரயில் நிறுத்தமான ஹால்ட்டில் டிக்கெட் விற்கும் ஏஜென்ட் சொன்னது அவ்வளவுதான். வரப்போகும் மெமுவோ, அதாவது குறுந்தூர மின்சார ரயிலோ, கோயம்புத்தூர் போகிற வண்டி. அவர் கையில் மிச்சமிருந்தது எதிர்த் திசைக்கான டிக்கெட். தகர டப்பாவில் மூன்று அறை; கோயம்புத்தூர் என்று பேனாவில் எழுதியிருந்த அறையில் ஒரு ரப்பர் பேண்டும் தேதி முத்திரைக்கான மைப்பெட்டியும் மட்டும் கிடந்தன.

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு வட்டாரத்தில் பல வருஷம் புதர் மண்டிக் கிடந்து, இப்போது திறந்திருக்கும் ஹால்ட் இது. பெயர் வேண்டாம், அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். திறந்தது சரியான காரியம். தொழிற்பேட்டை ஏற்கெனவே இருந்தது. 2015-ல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி. வந்த பிறகு வீடும் விடுதியும் பெருகிவிட்டன. 544 நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நிற்பதைவிட மெமு ஆயிரம் மடங்கு மேல். வண்டி வந்தது, நின்றது, போனது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிக்கெட்தான் பிரச்சினை.

ஹால்ட் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, ரயில்வே கிளார்க்கும் கிடையாது. டிக்கெட் விற்பவர் கமிஷன் ஏஜென்ட். பக்கத்துப் பெரிய ஸ்டேஷனுக்குப் போய், கைக்காசை முன்கூட்டியே கட்டி, ஊர்வாரியாக அச்சடித்த டிக்கெட்டுகளை எண்ணி வாங்கி வருவது அவர் வேலை. விற்றால்தான் போட்ட காசு திரும்பும் என்பதால் யாரும் நிறைய வாங்கி அடுக்கமாட்டார்கள். அதிலும் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரையெல்லாம் எக்ஸ்பிரஸ் என்று பேர் மாற்றி 30 ரூபாய் வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணத்துக்கு இறங்கினார்கள். பயணிக்கு அது நிம்மதி. ஏஜென்ட்டுக்கோ பத்து ரூபாயில் கிடைக்கும் கமிஷன் டீ செலவுக்கே பற்றாது. ஷிப்ட் விட்ட கம்பெனிக்காரர்களும் லீவுக்குக் கிளம்பும் மாணவர்களும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரு கட்டு பத்து நிமிஷத்தில் காலி. மறுபடி வாங்கி வர அவர் கிளம்பினால், அடுத்த வண்டிக்கு டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை.

இதை வெறும் அசௌகரியம் என்று விட முடியவில்லை. டிக்கெட் கிடைக்காதவர்கள் இரண்டில் ஒன்று செய்கிறார்கள்: சும்மா ஏறிவிடுகிறார்கள், அல்லது ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் அங்கிருந்து டிக்கெட் எடுக்கிறார்கள். பக்கத்து ஸ்டேஷனில் எடுத்த டிக்கெட் பக்கத்து ஸ்டேஷன் கணக்கில்தான் சேரும். வருஷக் கடைசியில் இந்த ஹால்ட்டின் விற்பனையைப் பார்க்கிற அதிகாரிக்குக் கூட்டமா தெரியும்? வருமானம் இல்லாத ஹால்ட் என்றுதான் தெரியும். ஜன்னல் கம்பியில் பால் கேன் தொங்க வந்த பாசஞ்சர் காலத்திலேயே, ஏஜென்ட் விட்டுப்போனதில்தான் மூடுவிழா ஆரம்பித்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதே பள்ளத்தில் மறுபடி விழ என்ன அவசரமோ.

டிக்கெட் தீர்ந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. ஏறுவதற்கு முன்பே கார்டிடம் சொல்லி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 2022-லிருந்து அவருக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பேர். ஊரில் இன்னும் கார்டுதான். 1989 ரயில்வே சட்டத்தின் 55-வது பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது: பிறகு கட்டணம் கட்டுகிறேன் என்ற நிபந்தனையில் பயணம். அது கையில் இல்லாமல் பரிசோதகரிடம் மாட்டினால், கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். ஆனால் கார்டு இருப்பது மெமுவின் கடைசி கேபினில், வண்டி நிற்பது ஒரு நிமிஷம். 12 பெட்டி வண்டி கால் கிலோமீட்டர் நீளம். நடுவில் நின்றுகொண்டு வண்டி வந்த பிறகு ஓடினால் கார்டும் கிடைக்கமாட்டார், வண்டியும் கிடைக்காது. வால் நிற்கும் இடத்தை ஏஜென்ட்டிடம் கேட்டு முன்பே போய் நில்லுங்கள்.

போனில் ரயில்வே ஆப்பில் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம், வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்தால். பேப்பர் இல்லா டிக்கெட்டைத் தண்டவாளத்தை ஒட்டி நின்றுகொண்டு எடுக்க முடியாது, ஜி.பி.எஸ். பார்த்து மறுத்துவிடும். பரிசோதகரைக் கண்டதும் எடுப்பதைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது, நியாயம்தான். ஸ்டேஷனுக்குள் எடுக்க அங்கே ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். தாளை ஸ்கேன் செய்ய வேண்டும். இந்த ஹால்ட்டில் புதுப் பெயிண்ட் இருக்கிறது, பெயர்ப் பலகை மூன்று மொழியில் பளபளக்கிறது, அந்த ஒரு தாள் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் வேலையாக உள்ளூர் சிம் போட்டுக் கணக்குத் திறந்துவிடுங்கள். மச்சான் போனில் எடுத்து ஸ்கிரீன்ஷாட் வாங்கி வருவது செல்லாது. எடுத்த போனே கையில் இருக்க வேண்டும்.

பிளாட்பாரம் பற்றியும் ஒரு வார்த்தை. உயர்ந்த பிளாட்பாரம் 760 முதல் 840 மில்லிமீட்டர், தாழ்ந்தது 455. இங்கே இருப்பது தண்டவாள மட்டத்துக்கு மண் கொட்டி ஓரம் கட்டியது. மெமுவின் முதல் படியே இடுப்பருகில் நிற்கிறது. முழங்கால் வலி உள்ள அம்மாவை ஒரு நிமிஷத்தில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே, ஒருவர் கீழே.

நான் இருக்கும் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கம் 1964-ல் பயணிகள் வண்டி நின்றுபோன நார்தம்பர்லேண்ட் பாதையை 2024 டிசம்பரில் திரும்பத் திறந்தார்கள். செலவு கிட்டத்தட்ட 30 கோடி பவுண்டு, அதிலும் எல்லா ஸ்டேஷனும் முதல் நாளே தயாராகவில்லை. ஆக, தாமதத்தில் நமக்கு அவர்கள் இளைத்தவர்கள் இல்லை. ஆனால் அங்கே வங்கி அட்டை இல்லாமல் கையில் ரொக்கம் மட்டும் இருந்தால், ஸ்டேஷன் மெஷினே 'பிறகு கட்டுகிறேன்' என்று ஒரு சீட்டு அச்சடித்துத் தரும். நம் 55-வது பிரிவும் அதேதான். சீட்டு கொடுக்கிறவர் மட்டும் கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். ஆள் இல்லாத ஸ்டேஷனில் மெஷினோடு மல்லுக்கட்டியவர்களுக்கு, நாளைக்கு வாங்கி வைக்கிறேன் என்று சங்கடப்படும் ஏஜென்ட்டிடம் கோபமும் வராது. அவருக்குக் கையடக்க டிக்கெட் மெஷின் ஒன்று கொடுத்தால் கட்டு, முன்பணம், அலைச்சல் மூன்றும் ஒழியும்.

திரும்பி வருகிறவர்களுக்கு: கோயம்புத்தூர் கவுண்டரில் ஹால்ட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கம்ப்யூட்டரில் இன்னும் ஏறவில்லை என்றால், ஹால்ட்டைத் தாண்டி அடுத்து வரும் ஸ்டேஷனுக்கு எடுங்கள். முந்தின ஸ்டேஷனுக்கு எடுத்தால் கடைசி ஐந்து நிமிஷம் டிக்கெட் இல்லாப் பயணம்தான்.