கோயமுத்தூரா, நெடும்பாசேரியா? எல்லைக்காரரின் கல்ஃப் கணக்கு

மலப்புரம் அளவுக்கு இல்லாவிட்டாலும், பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வேலந்தாவளம் பக்கமும் கல்ஃபுக்குப் போனவர்கள் நிறைய. ஒருவர் சார்ஜாவில் ஏசி மெக்கானிக், இன்னொருவர் அபுதாபியில் டிரைவர், மஸ்கட்டில் ஒரு மச்சான். லீவு கிடைத்ததும் வாட்ஸப்பில் வருவது ஒரே கேள்விதான்: "மாமா, கோயமுத்தூர் போடட்டுங்களா, கொச்சி போடட்டுங்களா?" திருப்பூர்க்காரருக்கும் திருச்சூர்க்காரருக்கும் இந்தக் குழப்பமே வராது. சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் வீட்டுப் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு கேரளா, மாட்டுச் சந்தைக்குப் பொள்ளாச்சி, தாலுகா ஆபீசுக்குச் சித்தூர். ஏர்போர்ட் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குத் திரும்பிப் போகிறவருக்கு நெடும்பாசேரி (கொச்சி விமான நிலையம் இருக்கும் ஊர்), ஊருக்கு வருகிறவருக்குக் கோயமுத்தூர். இரண்டையும் ஒரே ஊரில் போட்டுக்கொள்வது பழைய பழக்கம், அவ்வளவுதான்.

தூரத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் தாண்டி, மதுக்கரையில் எல் அண்ட் டி பைபாஸைப் பிடித்து, நீலாம்பூரில் இறங்கி அவிநாசி ரோட்டில் கொஞ்சம் பின்னால் வந்தால் பீளமேடு விமான நிலையம். எல்லாம் சேர்த்து 50, 55 கிலோமீட்டர். பைபாஸ் வேண்டாம் என்பவர் ஊருக்குள்ளேயே போகலாம். முன்பு அது தலைவலி. இப்போது ஆத்துப்பாலத்தில் ஏறினால் உக்கடம் மேம்பாலம், அப்புறம் உப்பிலிபாளையத்தில் ஏறினால் 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம், கோல்டுவின்ஸில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கிருந்து ஏர்போர்ட் கூப்பிடு தூரம்.

நெடும்பாசேரி அப்படியில்லை. வடக்கஞ்சேரி, குதிரான், திருச்சூர், சாலக்குடி, அங்கமாலி என்று 120 கிலோமீட்டருக்குக் குறையாது. குதிரான் மலையேற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் நின்று ஃப்ளைட்டைக் கோட்டைவிட்ட கதைகள் அந்தக் காலத்தில் ஏராளம். 2021 ஜூலை கடைசியில் முதல் சுரங்கமும், அடுத்த ஜனவரியில் இரண்டாவதும் திறந்தபிறகு அந்தப் பயம் போய்விட்டது. போன பயம் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. திருச்சூருக்குத் தெற்கே ஆம்பல்லூரிலும் முரிங்ஙூரிலும் அடிப்பாதை வேலை நடந்து ரோடு குண்டும் குழியுமாகி, வண்டி நகராத நெரிசல். 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் பாலியேக்கரைச் சுங்கச்சாவடி வசூலையே நிறுத்தி வைத்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். அக்டோபரில் வசூல் மறுபடி ஆரம்பமானது. இந்த வழியில் போகிறவர் கூகுள் காட்டும் நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்வது நல்லது. அல்லது ஒலவக்கோட்டில் (பாலக்காடு ஜங்ஷன்) ரயிலேறி அங்கமாலியிலோ ஆலுவாயிலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். கையில் ஒரு பெட்டியோடு போகிற இளவட்டத்துக்கு இதைவிட மலிவும் நிம்மதியும் கிடையாது. குடும்பமாகப் போகிறவர்கள் காரைத்தான் நம்ப வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, போகும்போது நெடும்பாசேரி என்று ஏன் சொல்கிறேன்? ரோட்டில் தோற்கிற கொச்சி, வானத்தில் ஜெயிக்கிறது.

கோயமுத்தூருக்கு 2012இல்தான் சர்வதேச விமான நிலையம் என்ற அந்தஸ்து வந்தது. வளைகுடா என்றால் வெகுகாலம் சார்ஜாவுக்கு ஏர் அரேபியா மட்டும்தான். 2024 ஆகஸ்டில் இண்டிகோ அபுதாபிக்கு ஆரம்பித்தது. துபாய்க்கு நேரடி விமானம் வேண்டும் என்று கொங்குநாட்டுத் தொழில்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். எமிரேட்ஸ் வராததற்கு ஆள் கிடைக்காதது காரணமில்லை. இந்தியாவும் துபாயும் போட்டிருக்கும் விமான ஒப்பந்தத்தில், துபாய் கம்பெனிகள் இறங்கலாம் என்ற ஊர்ப் பட்டியலில் கோயமுத்தூர் கிடையாது. கொச்சி இருக்கிறது, கோழிக்கோடு இருக்கிறது, திருவனந்தபுரம் இருக்கிறது. ஓடுபாதையும் 2,990 மீட்டர்தான். அதை 3,800 மீட்டராக்கும் திட்டம் நிலம் எடுப்பதிலேயே பத்து வருடத்துக்கு மேல் இழுத்துவிட்டது.

கொச்சியில் ஒரே நாளில் துபாய், அபுதாபி, சார்ஜா, தோஹா, மஸ்கட் என்று எல்லாப் பக்கமும் விமானம். எமிரேட்ஸ், எதிஹாட், கத்தார், ஏர் அரேபியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்று கம்பெனியும் பல. வெளிநாட்டு மலையாளிகளின் பணமும் சேர்ந்து 1999இல் திறந்த நிலையம் அது. கல்ஃப்காரருக்கென்றே கட்டியது என்று சொன்னாலும் தப்பில்லை. (2015இலிருந்து முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். நமக்கு அதில் கிடைக்கும் லாபம், கார் நிறுத்துமிடத்தில் சோலார் தகடே கூரையாக இருப்பதுதான். காத்திருக்கும் டிரைவருக்கு நிழல்.)

விமானம் நிறைய இருப்பது சொகுசுக்காக மட்டும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் சாதாரண ரெசிடென்ஸ் விசா வைத்திருப்பவர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா போய்விடும். அப்பாவுக்கு ஆபரேஷன், தங்கச்சி கல்யாணம், வீட்டுக்குக் கான்கிரீட் என்று லீவை இழுத்து இழுத்து, கடைசி வாரத்தில் கிளம்புகிற ஆட்கள் நம்மிடம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த வாரத்தில் கோயமுத்தூர் விமானம் ரத்தானால், அடுத்த விமானம் எப்போது, அதில் இடம் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. கொச்சியில் ரத்தானால் பக்கத்துக் கவுன்டரில் வேறு கம்பெனி இருக்கும். காசு போகும், வேலை மிஞ்சும். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஊழியர்கள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு, கேரளத்து விமான நிலையங்களில் கல்ஃப் பயணிகள் தவித்தார்களே, அப்போது வேறு கம்பெனியில் டிக்கெட் மாற்றிப் பறந்தவர்களும் உண்டு. ஒற்றை விமானத்தை நம்பியிருக்கும் ஊரில் அதற்கு வழியே கிடையாது.

மழைக்காலம் கொச்சிக்கு ஒரு பலவீனம்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஓடுபாதையே மூழ்கி, இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. சாதாரண மழை நாளில்கூடப் பார்வை தெரியவில்லை என்று விமானத்தைத் திருப்பிவிடுவதுண்டு. எங்கே திருப்புவார்கள்? பல சமயம் கோயமுத்தூருக்கு! எல்லைக்காரருக்கு அது பெரிய சோதனை. வீடு ஒரு மணி நேரத்தில் இருக்கிறது, ஜன்னல் வழியாகத் தெரிவது நம்ம பீளமேடு. ஆனால் இறங்க விடமாட்டார்கள். கொச்சியில் வானம் தெளிகிறவரை உட்கார்ந்திருந்து, அங்கே போய் இறங்கி, பிறகு 120 கிலோமீட்டர் திரும்பி வரவேண்டும். "மேடம், எங்க வீடு இங்கதானுங்க" என்று விமானப் பணிப்பெண்ணிடம் சொல்லிப் பார்த்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அவர் சிரித்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாராம்.

வருகிறவருக்குக் கோயமுத்தூர் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று நேரம். சார்ஜா விமானம் இங்கே விடியலுக்கு முன் இறங்கி, கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போகும். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அன்றைய வேலையை முடித்து, ரூமுக்குப் போய்க் குளித்து, கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு இரவு கிளம்பினால், பால்காரர் வருகிற நேரத்தில் வீட்டு வாசலில் நிற்கலாம். லீவில் ஒரு நாள்கூட வீணாகாது. கூட்டம் குறைவு, இமிக்ரேஷன் வரிசை சின்னது, பெட்டியும் சீக்கிரம் வந்துவிடும். பாஸ்போர்ட்டில் பாலக்காடு முகவரி இருக்கிறதே, கோயமுத்தூரில் ஏதாவது கேட்பார்களா என்று புதிதாகப் போகிறவர்கள் கேட்பார்கள். ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இதே விமானத்தில் போகும்போது கதை வேறு. நடுராத்திரியில் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அம்மாவும் பிள்ளைகளும் தூங்காமல் அழுதுகொண்டு நிற்க, நாமும் தூங்காமல் போய், காலையில் சார்ஜாவில் இறங்கி, சூப்பர்வைசர் நல்லவர் இல்லையென்றால் அன்றைக்கே டூட்டியில் நிற்க வேண்டும். கொச்சியில் பகல் விமானமும் கிடைக்கும்.

ராத்திரியில் பைபாஸில் போவதிலும் ஒரு எச்சரிக்கை. எல் அண்ட் டி ரோடு நடுவில் தடுப்பு இல்லாத இருவழிப்பாதை, விபத்துக்குப் பேர்போனது. 2024 ஜூனில் மதுக்கரை அருகே கொச்சிக்காரர்கள் வந்த காரை ஒரு கும்பல் மறித்துத் தாக்கியது பெரிய செய்தியானது. பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் தெரியாத டிரைவரோடு, தனியாக, கேரளா நம்பர் வண்டியில் ராத்திரி இரண்டு மணிக்குப் போவதைவிட, மச்சானையோ பக்கத்து வீட்டு அண்ணனையோ கூட்டிக்கொண்டு சொந்த வண்டியில் போவது மேல்.

வாடகை வண்டியென்றால் இன்னொரு கணக்கும் வரும். கேரளா டாக்ஸி வாளையாரையோ வேலந்தாவளத்தையோ தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் பெர்மிட், வரி என்று செலவு உண்டு. டிரைவர் அதை வாடகையில் சேர்த்துத்தான் சொல்வார், சில பேர் வண்டி ஏறினபிறகு சொல்வார். பேசும்போதே, "பெர்மிட் காசு சேர்த்துங்களா?" என்று கேட்டுவிட வேண்டும். அதைச் சேர்த்துப் பார்த்தாலும் நெடும்பாசேரி வாடகையில் பாதிதான் வரும். கோயமுத்தூர் டிக்கெட் ஆயிரம், ரெண்டாயிரம் கூடுதலாகத் தெரியும்போது பலர் உடனே கொச்சிக்கு ஓடிவிடுகிறார்கள். டீசல், இரண்டு சுங்கச்சாவடி, வழியில் நாலு பேருக்குச் சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தால் மிச்சம் என்று நினைத்தது மிச்சமே இல்லை. ஓணத்தை ஒட்டியும், அமீரகப் பள்ளிகள் மூடும் ஜூலை, ஆகஸ்டிலும் கொச்சி டிக்கெட் தாறுமாறாக ஏறும். அந்தச் சமயத்தில் கோயமுத்தூரைப் பார்க்காமல் விடவே கூடாது.

மாநில எல்லை என்பது சாதாரண நாளில் ஒரு போர்டு மட்டும்தான். ஆனால் 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கில் பாஸ் இல்லாமல் வாளையாரில் ஆட்கள் வெயிலில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, அது எப்போது வேண்டுமானாலும் கதவாகிவிடும் என்று தெரியும். நிலைமை சரியில்லாத காலத்தில், எல்லை தாண்டாத விமான நிலையமே நம் விமான நிலையம்.

கோழிக்கோடு விமான நிலையமான கரிப்பூரைப் பற்றியும் கேட்பார்கள். மண்ணார்க்காடு, அட்டப்பாடிக்காரர்களுக்கு அது சரி. நமக்குத் தூரமும் குறையாது, வளைவான ரோடு வேறு. மலை மேல் மேசை மாதிரி வெட்டிய ஓடுபாதை, 2020 ஆகஸ்ட் 7 விபத்துக்குப் பிறகு பெரிய விமானங்களும் அங்கே இறங்குவதில்லை. திருச்சியில் டிக்கெட் மலிவு என்று ஒருவர் போனார். போகட்டும்.

தங்கம், டிவி கொண்டுவருகிறவர்கள் எந்த ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் "லேசு" என்று கேட்பதுண்டு. சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்த பெண்ணுக்கு 40 கிராம் நகை, ஆணுக்கு 20 கிராம். இதில் ஊரைப் பார்த்து டிக்கெட் போடுவது வீண்.

யாரும் முன்கூட்டி யோசிக்க விரும்பாத ஒன்றும் இருக்கிறது. அங்கே உடம்பு முடியாமல் போய்ப் படுத்த நிலையில் வருகிறவரையோ, இறந்தவரின் உடலையோ கொண்டுவரும்போது கேரளத்து விமான நிலையம்தான் வசதி. அங்கிருந்து வீடுவரை, வெளிநாட்டுவாழ் கேரளத்தவருக்கான அரசு அமைப்பான நோர்க்கா இலவச ஆம்புலன்ஸ் தருகிறது. அதற்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும். கொச்சிக்கு விமானங்களும் அதிகம் என்பதால் காகிதவேலை முடிந்த அன்றைக்கே அனுப்ப வாய்ப்பு அதிகம். கோயமுத்தூர் பக்கம்தானே என்று அடம்பிடித்து ஒரு நாள் தள்ளிப்போட வேண்டாம்.

வயதான அப்பா, அம்மாவை விசிட் விசாவில் கூப்பிடுகிறவர்களுக்கு மட்டும் நான் சொன்ன முறையை மாற்றிக்கொள்ளலாம். அவர்களுக்கு அவசரம் கிடையாது, ஒரு நாள் தள்ளினால் ஒன்றும் குடி முழுகாது. போக, வர இரண்டுமே கோயமுத்தூர் போடுங்கள். சின்ன கட்டடம், எல்லோரும் தமிழில் பேசுவார்கள், நடக்கிற தூரமும் குறைவு. சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டு வையுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டைத் தாளில் எடுத்து அம்மாவின் கைப்பையில் வையுங்கள். கவுன்டரில் அதைக் கேட்பார்கள், அப்போது உங்கள் போன் அங்கே ஏசி டக்டுக்குள் சிக்னல் இல்லாமல் இருக்கும்.