‘மீன்ஸ்’, ‘ஸோ’, ‘ரிசல்ட்ஸ் இன்’: எந்த இடத்தில் எது?

ஆங்கிலத்தின் ‘மீன்’ என்ற வினைச்சொல்லை அகராதியில் தேடினால் ‘பொருள்படு’ என்றுதான் முதலில் இருக்கும். அன்றாட ஆங்கிலத்தில் அது சுமக்கும் பாரம் அதைவிடப் பெரியது. ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு ‘அதனால் இப்படி ஆகிறது’ என்று விளைவைக் கொண்டுவரவும் அதுதான். ‘அதாவது இப்படி’ என்று விளக்கிச் சொல்லவும் அதுதான். ‘த ஸ்ட்ரைக் மீன்ஸ் நோ பஸஸ் டுடே’ என்றால் வேலைநிறுத்தத்தின் விளைவு. ‘ஐ மீன் த சின்ன ஷாப், நாட் த பெரிய ஷாப்’ என்று நாம் பாதித் தமிழில் பேசும்போது அது விளக்கம்.

இந்த இரண்டு வேலைக்கும் வேறு சொற்கள் போட்டிக்கு நிற்கின்றன. விளைவுக்கு ‘ஸோ’, ‘தேர்ஃபோர்’, ‘லீட்ஸ் டு’, ‘ரிசல்ட்ஸ் இன்’. விளக்கத்துக்கு ‘தட் இஸ்’, ‘ஐ.இ.’, ‘இன் அதர் வேர்ட்ஸ்’. எல்லாம் ஒன்றுதானே என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஒன்றல்ல.

முதலில் ‘மீன்ஸ்’, ‘ரிசல்ட்ஸ் இன்’ இரண்டையும் எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. ‘த லைட்ஸ் ஆர் ஆன். தட் மீன்ஸ் தே ஆர் ஹோம்’ என்று சொல்லலாம். அதே இடத்தில் ‘ரிசல்ட்ஸ் இன்’ போட்டால் விளக்கு எரிந்ததால்தான் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள் என்று ஆகிவிடும். விளக்கு காரணம் இல்லை, அடையாளம். ‘மீன்’ காரணத்திலிருந்து விளைவுக்கும் போகும், விளைவிலிருந்து காரணத்துக்கும் திரும்பி வரும். ‘ரிசல்ட்ஸ் இன்’, ‘லீட்ஸ் டு’ இரண்டும் ஒருவழிப் பாதை.

பால் கிரைஸ் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 1957-இல் இந்த வினைச்சொல்லைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் இரண்டு பிரபலம். ஒன்று, ‘உடம்பில் அந்தப் புள்ளிகள் என்றால் தட்டம்மை’. இன்னொன்று, ‘பஸ்ஸில் மூன்று முறை மணி அடித்தால் பஸ் நிரம்பிவிட்டது என்று பொருள்’. இரண்டிலும் ஆங்கிலத்தில் ‘மீன்’தான். ஆனால் முதலாவதைச் சொல்லிவிட்டு ‘ஆனால் தட்டம்மை இல்லை’ என்று தொடர முடியாது. இரண்டாவதைச் சொல்லிவிட்டு ‘ஆனால் பஸ் நிரம்பவில்லை, கண்டக்டர் தவறாக அடித்துவிட்டார்’ என்று தொடரலாம். முதலாவது இயற்கையான தொடர்பு. இரண்டாவதில் ஒரு மனிதர் எதையோ தெரிவிக்க நினைக்கிறார். என்னைப் பொறுத்தவரை, இந்தச் சொல்லுக்குள் விளைவும் விளக்கமும் ஒன்றாகக் குடியிருப்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. புள்ளிகள் தட்டம்மையின் விளைவு என்பதையும் கவனியுங்கள். அங்கேயும் ‘ரிசல்ட்ஸ் இன்’ நுழைய முடியாது.

சரி, ‘ஸோ’? விளக்கு எரியும் வாக்கியத்தில் அது நன்றாகவே பொருந்தும். ‘த லைட்ஸ் ஆர் ஆன், ஸோ தே ஆர் ஹோம்.’ பேச்சில் பாதி இடங்களில் நான் ‘ஸோ’ பக்கம்தான். சின்னச் சொல், வாக்கியம் ஓடும். ஆனால் அதற்கு ஒரு பெரிய குறை உண்டு: மறுக்க வராது. ‘மீன்’ மட்டும் எதிர்மறையில் முழு பலத்தோடு நிற்கும். ‘ஹிஸ் சைலன்ஸ் டஸ்ன்ட் மீன் ஹி அக்ரீஸ்.’ அவர் பேசாமல் இருப்பதால் ஒப்புக்கொண்டார் என்று ஆகிவிடாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொல்லி வளர்ந்த நமக்கு இந்த வாக்கியம் ஆங்கிலத்தில் அடிக்கடி தேவைப்படும்! ‘டஸ் நாட் ரிசல்ட் இன்’ என்று எழுதினால் ‘மௌனத்தால் சம்மதம் உண்டாகாது’ என்ற வேறொரு செய்தி வந்து நிற்கும். ஒருவர் அவசரமாக எட்டும் முடிவைத் தடுத்து நிறுத்த வேண்டுமா, ‘டஸ்ன்ட் மீன்’ தவிர எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அடுத்தது, ‘மீன்’ தன் வீட்டுக்குள்ளேயே நடத்தும் போட்டி: ‘திஸ் மீன்ஸ்’, ‘விச் மீன்ஸ்’, ‘மீனிங்’. செய்தி எழுத்தில் மூன்றாவது நிறைய வரும். ஒரு கமா, ஒரு ‘மீனிங்’, வாக்கியம் முடிந்தது. பார்க்க நறுக்கென்று இருக்கும். ஆனால் இது மூன்று பொருளில் வரும். ‘ஹி சைன்ட் த பேப்பர்ஸ், மீனிங் த ஹவுஸ் வாஸ் ஸோல்ட்’ என்றால், கையெழுத்துப் போட்டார், ஆக வீடு விற்றாகிவிட்டது. ‘ஹி சைன்ட் த பேப்பர்ஸ், மீனிங் டு ஸெல் த ஹவுஸ்’ என்றால், விற்கும் எண்ணத்தோடு கையெழுத்துப் போட்டார். வீடு இன்னும் அவரிடமே இருக்கலாம். நடுவில் ஒரு ‘டு’, முடிந்துபோன விற்பனை வெறும் எண்ணமாக மாறிவிடுகிறது. இது போக, ஒரு சொல்லுக்குப் பின்னால் அதன் பொருளைத் தருவதற்கும் இதே ‘மீனிங்’ வரும். அதனால் மெயிலிலும் அறிக்கையிலும் ‘விச் மீன்ஸ்’ பாதுகாப்பானது என்பது என் கருத்து. நீளமான வாக்கியமாக இருந்தால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு ‘திஸ் மீன்ஸ்’ என்று புதிதாகத் தொடங்குவது இன்னும் நல்லது.

‘விச் மீன்ஸ்’ போடும்போது முன்னால் கமா வேண்டும். அது முந்தைய ஒரு சொல்லைச் சுட்டவில்லை, முழு வாக்கியத்தையும் சுட்டுகிறது என்று படிப்பவருக்குக் காட்டுவது அந்தக் கமாதான். காலமும் முக்கியம். லிஃப்ட் வேலை செய்யவில்லை, பீரோவைப் படியில் தூக்கிக்கொண்டு போனோம் என்று நடந்து முடிந்த கதையைச் சொல்லும்போது நம்மில் பலர் ‘விச் மீன்ஸ்’ என்றே எழுதிவிடுகிறோம். அங்கே ‘விச் மெண்ட்’ வர வேண்டும். விளைவு இன்றைக்கும் நீடித்தால் மட்டும் ‘மீன்ஸ்’. இன்னொன்றும் உண்டு: இந்தப் பொருளில் ‘இஸ் மீனிங்’ என்று தொடர்வினையாக எழுதக் கூடாது. ‘ஐ ஹேவ் பீன் மீனிங் டு கால் யூ’ சரி, ஏனென்றால் அங்கே அது எண்ணம்.

எண்ணத்துக்கும் விளைவுக்கும் இந்த ‘டு’தான் வேலி. ‘மிஸ்ஸிங் திஸ் டிரெயின் மீன்ஸ் வெய்ட்டிங் டில் மார்னிங்’: ரயிலை விட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ‘ஐ மெண்ட் டு வெய்ட்’: காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ‘இங்’ வந்தால் விளைவு, ‘டு’ வந்தால் எண்ணம்.

விளக்கப் பக்கம் வருவோம். இங்கே தமிழே நமக்கு ஒரு நல்ல சோதனையைத் தருகிறது. அந்த இடத்தில் ‘அதாவது’ உட்காருகிறதா, ‘அதனால்’ உட்காருகிறதா என்று பாருங்கள். ‘நிதியாண்டின் கடைசி நாளுக்குள், அதாவது மார்ச் 31-க்குள் அனுப்புங்கள்.’ இரண்டும் ஒரே நாள். இங்கே ‘தட் இஸ்’ அல்லது அதன் லத்தீன் சுருக்கமான ‘ஐ.இ.’ கச்சிதம். ‘மார்ச் 31-க்குள் அனுப்ப வேண்டும், அதனால் இந்த வாரமே தொடங்குங்கள்.’ இது விளைவு. ‘ஸோ’ அல்லது ‘விச் மீன்ஸ்’. இந்த இடத்தில் ‘ஐ.இ.’ போட்டால் தவறு. ‘இன் அதர் வேர்ட்ஸ்’ ஒரு முழு கருத்தையே எளிமையாகத் திருப்பிச் சொல்லும்போது மட்டும் நன்றாக இருக்கும். ஒரு தேதியை விளக்க அவ்வளவு பெரிய தொடர் எதற்கு?

‘ஐ மீன்’ பேச்சுக்கு உரியது. ‘ட்யூஸ்டே, ஐ மீன் வெட்னஸ்டே’ என்று நாக்குத் தவறியதை உடனே திருத்த அதைவிடச் சுலபமான வழி இல்லை. எழுத்தில் நமக்கு அழிக்கும் வசதி இருக்கிறது. திருத்தம் தெரியவே வேண்டும் என்றால் ‘ஆர் ராதர்’. எதிராளி சொன்னது புரியவில்லை என்றால் ‘வாட் டு யூ மீன்?’ என்று கேட்பதைவிட ‘டு யூ மீன்...?’ என்று தொடங்கி நமக்குப் புரிந்ததைச் சொல்லிக் கேட்பது மரியாதை. முன்னதைச் சற்று அழுத்திச் சொன்னால் சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கும். ‘இம்ப்ளை’ இன்னும் ஆபத்து. கணிதத்திலும் தர்க்கத்திலும் அது கறாரான சொல். அன்றாடப் பேச்சிலோ வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்துவது. ‘ஆர் யூ இம்ப்ளையிங்...?’ என்று கேட்டால் ‘என்னைக் குத்திக்காட்டுகிறீர்களா?’ என்ற தொனி வந்துவிடும்.

கடைசியாக, தமிழர்கள் பேசும் ஆங்கிலத்தில் வளர்ந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ‘இஃப் யூ கம் மீன்ஸ், ஐ வில் ஆல்ஸோ கம்.’ நீ வந்தேன்னா நானும் வருவேன். நம் ‘-ன்னா’ நிபந்தனைக்கும் வரும், பொருள் சொல்லவும் வரும். அந்த இரட்டை வேலையை அப்படியே ‘மீன்ஸ்’ தலையில் ஏற்றிவிட்டோம். வாக்கியத்தைத் தொடங்கும்போதே ‘மீன்ஸ்...’ என்று இழுப்பதும் நம் ‘அதாவது’வின் வேலைதான். நமக்குள் பேசும்போது இது எல்லோருக்கும் புரிகிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியாட்களுக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் அந்த ‘மீன்ஸ்’ஸை எடுத்துவிடுங்கள். ‘இஃப்’ ஒன்றே அங்கே போதும்.