"பெண்களுக்கு இதுதான் சரி" என்று குட்டித் துப்பாக்கியை நீட்டினால் வாங்காதீர்கள்

டெக்சாஸில் முதல் முறையாகக் கைத்துப்பாக்கி வாங்கப்போகும் தமிழ்ப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கூடப் போகும் கணவர்களும் அண்ணன் தம்பிகளும் படித்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துப்பாக்கியை எடுத்து வைத்து, "உங்களுக்கு இதுதான் பொருத்தம்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். என்னிடம் அப்படித்தான் விற்றார்கள். ஒழுங்காகச் சுட முடியாத துப்பாக்கி, கூடவே ஆபத்தான உறை, பிரச்சினை என்று திரும்பிப் போனபோது சட்டத்தின் பெயரில் இரண்டு பொய்.

வேலை முடிந்து நள்ளிரவுக்கு மேல் தனியாகக் காருக்கு நடப்பவள் நான். 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். ஆனாலும் உரிமம் எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். வேறு பல மாநிலங்களிலும் அது செல்லும். அதைவிட, அதற்காக ஒரு வகுப்பும் சுடும் தேர்வும் இருக்கின்றன. தேர்வில் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளிகளில் 175 எடுக்க வேண்டும். கையில் வைத்துக்கொள்ளப்போகும் துப்பாக்கியாலேயே இதைத் தாண்ட வேண்டும் என்பது என் ஆசை.

கடையில் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். இடுப்பில், உடைக்குள் மறைய வேண்டும்; தேர்வும் இதில்தான்; தொடர்ந்து பயிற்சி செய்வேன். வாடகைக்கு எடுத்து, சுடும் பயிற்சிக்கான ரேஞ்சில் சுட்டுப் பார்க்க முடியுமா என்றும் கேட்டேன். "இந்த மாடல் வாடகைக்கு இல்லை, தேவையும் இல்லை. சின்னத் துப்பாக்கி, சின்னத் தோட்டா, உதையே இருக்காது. லேடீஸ் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார் விற்பனையாளர். அது .380 ஏசிபி தோட்டா போடும், 300 கிராம்கூட எடையில்லாத ஒரு செமி ஆட்டோமேட்டிக். பக்கத்திலேயே கொஞ்சம் பெரிய 9 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் வரிசையாக இருந்தன. அவற்றைக் காட்டச் சொன்னபோது, "அது உங்கள் கைக்குக் கனம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த "உதையே இருக்காது" என்பதுதான் முதல் பொய். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்று புரிந்துவிட்டால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

சின்னப் படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு சட்டென்று பின்னால் ஓடும். பெரிய படகு அவ்வளவு நகராது. துப்பாக்கியும் அப்படித்தான். தோட்டா முன்னால் போகும் வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் வந்து கையில் இடிக்கும். துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு பலமாக இடிக்கும். .380 தோட்டா 9 மில்லிமீட்டரைவிட வலு குறைந்தது என்பது உண்மை. ஆனால் அதை 300 கிராம் துப்பாக்கியில் போட்டுவிட்டு, 600 கிராமுக்கு மேலுள்ள 9 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால், கைக்குக் கஷ்டம் கொடுப்பது பெரும்பாலும் சின்னதுதான். பிடியும் குட்டை என்பதால் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை, சில சமயம் மோதிரவிரலும் பாதி வெளியே நிற்கும். பிடிக்க இடமில்லாத பொருளை எப்படி அடக்குவது?

அடுத்தது ஸ்லைடை, அதாவது தோட்டா ஏற்றுவதற்காகப் பின்னால் இழுக்கும் மேல்பகுதியை, இழுப்பது. துப்பாக்கி சின்னதென்றால் ஸ்லைடும் சின்னது, எடையும் குறைவு. அந்தக் குறைவை ஈடுகட்டக் கடினமான ஸ்பிரிங் வைக்கிறார்கள். .380 துப்பாக்கிகளில் பல, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே குழலை மூடி வைத்திருக்கும் எளிய 'புளோபேக்' அமைப்பில் வருகின்றன. 1931இல் வந்த வால்தர் பிபிகே அந்த வகைதான். குழலும் ஸ்லைடும் சிறிது தூரம் பூட்டிக்கொண்டு பின்னால் வந்து பிறகு பிரியும் அமைப்பில் அவ்வளவு கடினமான ஸ்பிரிங் தேவைப்படாது, உதையும் மென்மையாக இருக்கும். ஆகவே கடைக்காரரிடம் "இது புளோபேக்கா, பூட்டும் வகையா" என்று கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். என் துப்பாக்கியின் ஸ்லைடை உலர்ந்த கையால் இழுக்க முடிந்தது. ரேஞ்சில் வியர்த்த கையால் பல முறை நழுவியது. பிடியைத் தடுமாறாமல் பற்றவும் ஸ்லைடை முழுதாக இழுக்கவும் முடியாத துப்பாக்கி, அவசரத்தில் கைகொடுக்காது.

ரேஞ்சில் எனக்குப் பாடம் நடத்திய பயிற்சியாளர் பொறுமையானவர். நான் சுடச் சுட, 7 கஜத்திலேயே துளைகள் தாள் முழுக்கச் சிதறின. இதில் வியப்பில்லை. குறி பார்க்கத் துப்பாக்கியின் மேலே முன்னாலும் பின்னாலும் உள்ள முனைகளுக்கு இடையிலுள்ள தூரம் மிகக் குறைவு என்பதால் கையில் வரும் சிறு அசைவும் இலக்கில் பெரிதாகத் தெரியும். சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசை நீண்ட தூரம் நகரும், இழுக்கக் கனமும்கூட. இழுக்கும்போது மொத்தத் துப்பாக்கியும் பக்கவாட்டில் போகும். அதோடு பாதுகாப்புக்கென்று அதே கடையில் வாங்கிய, நுனியில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட் தோட்டாக்கள் அடிக்கடி மாட்டிக்கொண்டன. தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலிருந்து மேலே வரும் தோட்டா, குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏறாமல், அதன் வாயிலுள்ள சரிவில் மூக்கைக் குத்தி நின்றுவிடும். சின்ன ஸ்லைடு மிக வேகமாக முன்னும் பின்னும் போய்வருவதால், மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கித் தர நேரம் குறைவு. வாயகன்ற ஹாலோ பாயிண்ட் என்றால் இன்னும் மோசம்.

கடைக்குப் போனில் சொன்னபோது பதில் தயாராக இருந்தது: "உங்கள் மணிக்கட்டு தளர்வாக இருக்கிறது, அதனால்தான்." தளர்ந்த பிடியால் துப்பாக்கி சிக்குவது உண்மையில் நடக்கக்கூடியதுதான், அதனால்தான் அந்தப் பதில் நம்பும்படி இருக்கிறது. ஆனால் பயிற்சியாளர் தானே வாங்கிச் சுட்டார். அவர் கையிலும் சிக்கியது. அவர் பிடி தளர்ந்த பிடி அல்ல.

அப்புறம் அவருடைய கிளாக் 19ஐக் கொடுத்தார். 4 அங்குலக் குழல், 9 மில்லிமீட்டர், கடைக்காரர் எனக்குக் "கனம்" என்று மறுத்த அளவு. முதல் மேகசினிலேயே துளைகள் ஓரிடத்தில் கூடின. ஸ்லைடு எளிதாக வந்தது. உதை இருந்தது, ஆனால் தள்ளுவது போலத்தான், அடிப்பது போல இல்லை. என் கைக்குப் பிரச்சினை எதுவும் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. எத்தனை பெண்கள் இதே மாதிரித் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போய், "எனக்குச் சுட வராது" என்று பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்களோ என்று நினைக்கும்போது மனசு கொதிக்கிறது.

உறை விஷயம் இன்னும் மோசம். "இலவசம்" என்று சொல்லி மெல்லிய நைலான் உறை ஒன்றைப் பையில் போட்டார்கள். பேன்ட்டுக்குள் செருகும் வகை. துப்பாக்கியை வெளியே எடுத்ததும் அதன் வாய் மடங்கிச் சுருங்கிவிடும். திரும்பச் செருக இன்னொரு கையால் வாயை விரிக்க வேண்டும், அதாவது குழல் உங்கள் விரல்களைப் பார்த்தபடி உள்ளே போகும். மடங்கிய துணி, விசையைச் சுற்றியிருக்கும் வளையமான விசைக்காப்புக்குள் புகுந்தால் விசையையே அழுத்திவிடலாம். தனிப் பாதுகாப்புப் பூட்டு இல்லாத, லேசான விசை கொண்ட துப்பாக்கியில் இது தொடையிலோ இடுப்பிலோ குண்டு பாய்வதில் முடியும். பயிற்சியாளர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ரேஞ்சுக்குள் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். கைடெக்ஸ் போன்ற கெட்டியான பொருளில், அந்த மாடலுக்கென்றே வார்த்து, விசைக்காப்பை முழுதாக மூடி, துப்பாக்கி வெளியே வந்த பிறகும் வாய் திறந்தே நிற்கும் உறைதான் வேண்டும். துப்பாக்கிக்குச் செலவழிக்கும்போதே இதற்கும் பணம் ஒதுக்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சரி, திருப்பிக் கொடுக்கலாம் என்று போனேன். "வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம் போட்டு உங்கள் பெயருக்கு மாற்றியாகிவிட்டது, மத்திய அரசுச் சட்டப்படி நாங்கள் திரும்ப வாங்கக் கூடாது" என்றார்கள். இது பொய். உரிமம் பெற்ற விற்பனையாளர் துப்பாக்கியைத் திரும்ப வாங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. வந்ததையும் போனதையும் எழுதும் பதிவேட்டில் வரவு வைத்துக்கொண்டு வாங்கலாம், பழைய துப்பாக்கிகளை அவர்கள் தினமும் அப்படித்தான் வாங்குகிறார்கள். திரும்ப வாங்குவதில்லை என்பது கடையின் கொள்கை. கொள்கை என்று சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும், அவ்வளவுதான். சட்டம் என்று சொன்னது ஏமாற்று.

சட்டத்தின் பெயரில் சொன்ன இரண்டாவது பொய்: பழுது பார்க்கத் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டுமானால் கடை வழியாகத்தான் போக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம், திரும்பி வந்ததும் மறுபடி படிவம். அப்படி இல்லை. உரிமையாளர் பழுதுக்காகத் தயாரிப்பாளருக்கு நேராக அனுப்பலாம், அவர்களும் சரிசெய்து உரிமையாளருக்கே நேராகத் திருப்பி அனுப்பலாம். நான் தயாரிப்பாளரையே அழைத்தேன். கூரியர் லேபிளை அவர்களே அனுப்பினார்கள், கட்டணம் கேட்கவில்லை. மேகசினை மாற்றி, சரிவை மெருகேற்றி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது சிக்குவது குறைந்திருக்கிறது. உதையும் பிடியும் மாறாது அல்லவா.

தயாரிப்பாளரோடு பேசும்போது வரிசை எண்ணைச் சொல்லி, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மிக்ஸியோ தொட்டிலோ பழுதென்றால் அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தலையிடும். 1972இல் வந்த அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் துப்பாக்கி வராது. ஆகவே பழுதான துப்பாக்கியைத் திரும்பப் பெறும்படி அந்த ஆணையம் உத்தரவிட முடியாது, நிறுவனம் தானாக அறிவித்தால்தான் உண்டு. 2008இல் ரூகர் எல்சிபி, 2013இல் ஸ்பிரிங்ஃபீல்டு எக்ஸ்டி-எஸ் என்று மறைத்து வைப்பதற்கான சின்னத் துப்பாக்கிகளிலேயே இப்படி அறிவிப்புகள் வந்திருக்கின்றன. பழையது வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொன்று. ஹெச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் துப்பாக்கி வாங்க மத்தியச் சட்டத்தில் தடை, விதிவிலக்குகள் சில மட்டுமே. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். "பேப்பர் மட்டும் குடியுரிமை உள்ள நண்பர் பெயரில் போடுங்கள்" என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் வெளியே வந்துவிடுங்கள். அது சிறைத் தண்டனைக்குரிய மத்தியக் குற்றம். மாட்டுவது நீங்களும் நண்பரும்தான்.

நான் பிறகு வேறு இடத்தில், வாடகைக்குத் துப்பாக்கி கொடுக்கும் ஒரு ரேஞ்சில், பலவற்றைச் சுட்டுப் பார்த்து வாங்கினேன். 2018இல் சிக் சாவர் பி365 வந்த பிறகு, 10 தோட்டா பிடிக்கும் 9 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் அந்தப் பழைய குட்டிகளின் அளவை நெருங்கிவிட்டன. ஸ்லைடு இழுக்கக் கை வலிக்கும் என்பவர்களுக்கு, அதற்கென்றே ஸ்பிரிங்கை மென்மையாக்கிச் செய்த ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஇசட் இருக்கிறது. அதை என் அம்மா வயதில் ஒருவர் தயங்காமல் இழுப்பதைப் பார்த்தேன். எனக்குச் சரிவந்தது பிடி சற்று நீளமான ஒன்று. குழலின் நீளத்தை மறைப்பது எளிது, அது இடுப்புக்குக் கீழே போய்விடும். உடைக்கு வெளியே துருத்துவது பிடிதான். எனவே பிடி எவ்வளவு நீளம் வரை உங்கள் உடைக்குள் மறைகிறதோ அதுவரை போங்கள், அதற்குக் கீழே இறங்காதீர்கள். விசையை விரலின் நுனிச்சதை தொடும்போது குழல் முன்கையின் நேர்கோட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதுகாப்புக்கென வைக்கப்போகும் அதே தோட்டாவை இரண்டு மூன்று பெட்டியாவது சிக்கல் இல்லாமல் சுட்ட பிறகே அதை இடுப்பில் வைத்தேன்.

அந்தக் கடையைப் பற்றி மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். டெக்சாஸில் 1973 முதலே ஏமாற்று வணிகத்துக்கு எதிரான சட்டம் இருக்கிறது. சட்டத்தைப் பற்றிப் பொய் சொல்லி வாடிக்கையாளரின் வாயை அடைப்பதை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருக்கிறார்கள், ஆனால் அதைக் காட்டியது பணம் வாங்கிய பிறகு. நீங்கள் போகும் கடையில் அந்த வரியை முதலிலேயே கேட்டுப் படித்துவிட்டு, வாடகைக்குச் சுட்டுப் பார்க்க முடியாது என்றால் அட்டையை நீட்டாமல் வந்துவிடுங்கள்.