விற்கப்போகும் வீட்டுக்கு எவ்வளவு பெயின்ட்: முழு வீடா, முகப்பும் ஹாலுமா, ஒன்றுமே வேண்டாமா?

திருச்சி உறையூரில் அப்பா கட்டிய வீட்டை விற்பது என்று முடிவானதும் எங்களுக்குள் மூன்று கட்சி. முழு வீட்டையும் அடித்துவிடலாம் என்றாள் அக்கா. எதையும் தொட வேண்டாம், விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போச்சு என்றான் அண்ணன். முகப்பும் ஹாலும் மட்டும் போதும் என்பது என் கட்சி. மூன்றிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் அக்கா கட்சி. காலி வீடு ஒரே சீராகப் பளிச்சென்று இருந்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் நம் ஊரில் வீடு வாங்குகிறவர் பால் காய்ச்சுவதற்கு முன்னால் எப்படியும் தன் இஷ்டத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்காமல் விடமாட்டார். நாம் படுக்கையறையில் அடித்த இளம்பச்சை அவர் கையில் மூன்று மாதம்கூட நிற்காது. போதாததற்கு பத்திரச் செலவு. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 5,40,000 ரூபாய் அங்கேயே போய்விடும். இதையெல்லாம் எண்ணிக்கொண்டு நிற்பவர், நம் பெயின்டுக்காக ஒரு ரூபாய் கூட்டித் தருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் சொன்னது கேட்க நேர்மையாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், அழுக்கைப் பார்க்கிறவர் அதை அழுக்காக மட்டும் பார்ப்பதில்லை. சன்ஷேடுக்குக் கீழே கறுப்பாக வழிந்திருக்கும் பாசிக் கோட்டைப் பார்த்தால் ‘மழைத்தண்ணி உள்ளே இறங்குதோ’ என்று நினைப்பார். பெயின்டுக்கு ஆகிற செலவை அவரே மனசுக்குள் இரண்டு மடங்காக்கிக் கழிப்பார். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரும் கம்பி பிரஷும் வைத்து ஒரு நாள் தேய்த்தால் போகிற கறைக்கு அவ்வளவு விட்டுக்கொடுப்பது அநியாயம்.

ஆகவே கொஞ்சம் அடிப்பது என்றானது. சரி, எங்கே? முகப்பு, காம்பவுண்டு, கேட் — இதில் யோசிக்கவே வேண்டாம். கேட்டுக்கு உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, கறுப்பு எனாமல் இரண்டு கோட்டு. இதைவிட மலிவாக வீட்டின் வயதைக் குறைக்க முடியாது. முகப்புச் சுவரில் பழைய சிமென்ட் பெயின்ட் இருந்தது. அதற்கு மேலேயே மறுபடி சிமென்ட் பெயின்ட் என்றால் செலவு குறைவு. ஆனால் அடித்த பிறகு தண்ணீர் தெளித்து ஆற வைக்க வேண்டும், பூட்டிக் கிடக்கிற வீட்டில் அதை யார் செய்வது? அந்த வேலை இல்லாத எமல்ஷன் போட்டோம். கையில் மாவாக ஒட்டும் பழைய பூச்சைச் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகுதான். இதை ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்க வேண்டாம். மழைக்கு நடுவே ஈரச்சுவரில் எந்தப் பூச்சும் நிற்காது.

ஹாலில்தான் உண்மையான போட்டி: மலிவான டிஸ்டெம்பரா, எமல்ஷனா? 15க்கு 12 அடி ஹால், உயரம் 10 அடி. கதவு ஜன்னல் போகச் சுவர் ஏறக்குறைய 460 சதுர அடி. இரண்டு கோட்டுக்குப் பத்து லிட்டர் வாளி ஒன்று தாராளம். விற்கிற வீட்டுக்கு டிஸ்டெம்பரே போதும் என்பார்கள். பழைய சுவரிலும் டிஸ்டெம்பர்தான் என்றால் வேலை குறையும், அது உண்மை. ஆனால் துடைத்தால் கையோடு வரும். வீடு விற்க ஆறு மாதம் இழுத்தால் சுவிட்ச் பக்கத்தில் மறுபடி விரல் தடம். எமல்ஷன் தாங்கும். அதிலும் பளபளப்பு ரகத்தை எடுத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கைப்பூச்சுச் சுவரில் மேடுபள்ளம் நிறைய. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, பளபளப்புப் பூச்சு ஒவ்வொரு மேட்டையும் எடுத்துக் காட்டும். மங்கல் ரகம் மறைத்துவிடும். நிறம் கிரீம். ஒரு சுவருக்கு மட்டும் மெரூன் அடிக்கிற ஆசையை அடுத்த வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, டச்சப். கறை பட்ட இடத்தில் மட்டும் அதே ஷேடை வாங்கித் தடவினால் போதுமே என்று தோன்றும். ஷேடு நம்பர் அதேதான், ஆனால் சுவரில் இருப்பது பல வருஷம் வெளுத்த நிறம். ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரியும். அடித்தால் மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் அடிக்க வேண்டும்.

இதைச் சொல்வதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. ஹாலுக்குப் பின்னால் பாத்ரூம். நடுச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. பைப்பைச் சரிசெய்த மூன்றாம் நாளே, “பட்டி பார்த்து அடிச்சிரலாம் சார், தெரியாது” என்றார் பெயின்டர். நானும் அவசரத்தில் தலையாட்டிவிட்டேன். ஈரம் உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. இருபது நாள் கழித்து வீடு பார்க்க வந்தவரோடு அவருடைய மாமனாரும் வந்தார். பெரியவர் பேசவே இல்லை. நேராக அந்த இடத்துக்குப் போய்க் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அப்பளம் மாதிரி உடைந்து கையில் வந்தது. “இங்க மட்டும் ஏன் தம்பி புதுசா இருக்கு?” என்றார். அதற்கப்புறம் ஒரு சுவர் விடாமல் தட்டிப் பார்த்தார். அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை.

பிறகு அந்தப் பட்டியைச் சுரண்டி எடுத்து, சுவரை ஒன்றரை மாதம் காயவிட்டோம். அந்த இடைவெளியில் வந்தவர்களிடம் பைப் மாற்றிய பில்லைக் காட்டி, இன்னும் காய்கிறது என்று சொன்னேன். அந்த மொட்டைச் சுவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத்தண்ணீர் விட்டுக் கழுவியதோடு சரி, படுக்கையறைகளைத் தொடவே இல்லை.

கடைசியில் வாங்கியவர்கள் பால் காய்ச்சக் கூப்பிட்டிருந்தார்கள். அக்காவும் நானும் போனோம். ஹால் இளம் ஊதா, முகப்பு ஆரஞ்சு. கேட் மட்டும் நாங்கள் அடித்த கறுப்பு.